கண் ஒன்று, படம் மூன்று

— கண்ணு ஒண்ணுதான புள்ள? படம் மட்டும் எப்படி மூணு தினுசா வரும்? அதச் சொல்லு மொதல்ல.

— ஏனுங்க, பஸ்ஸ விட்டு எறங்கி இன்னும் காலு ஊனல. அதுக்குள்ளயா? வர்ற வழியெல்லாம் இதே பேச்சுத்தானா? புள்ளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

— டீக்கு என்ன கெரகம், குடிக்கலாம். கண்ணாயி, நீ இந்தச் சோளக்காட்டுச் சந்தையில வாழத்தாரு வித்துட்டு நிழலுல குந்தியிருந்தவ. நான் சேலத்துல அந்தக் கண்ணாஸ்பத்திரி நாற்காலியில குந்திக் குந்தி இடுப்பு கழண்டு போச்சு. கடைசியில கூப்புட்டு, இன்னைக்கும் ஆவாதுங்கறாங்க.

— மூணாந்தடவையுமா? குழலி, நீ சொல்லு சாமி. ஆப்பரேசன் பண்ண முடியாதுன்னுட்டாங்களா?

— முடியாதுன்னு சொல்லலம்மா. இப்ப முடியாதுன்னாங்க.

— ரெண்டும் ஒண்ணுதான்.

— ஒண்ணு இல்லீங்கப்பா.

— பாத்தயா கண்ணாயி, இப்படித்தான். ஒரு வார்த்தை பேசுவா. அப்பறம் வாயத் தெச்சுக்குவா. அத்தனை வளைவுலயும் கேட்டுக்கிட்டே வந்தேன். சன்னலுக்கு வெளிய பனியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. பனியில என்னடா தெரியுதுன்னு நானும் எட்டிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல.

— சரி, நான் கேக்கறேன், எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு. என்ன பண்ணாங்க உன்னைய?

— மொதல்ல எழுத்துப் படிக்கச் சொன்னாங்கம்மா. கண்ணாடியக் கழட்டிட்டா மேல இருக்கற பெரிய எழுத்தே எனக்குக் கலங்கலாத்தான் தெரியும். பவரு ஏறியிருக்குதான்னு பாத்தாங்க. போன வருசம் இருந்ததேதான் இருக்குது. அது நல்லதுன்னாங்க. ஏறிட்டே இருந்தா லேசர் பண்ண மாட்டாங்களாம். பண்ணினாலும் கொஞ்ச நாள்ல திரும்பக் கண்ணாடி வந்துருமாம்.

— அது சரிதான. அப்பறம்?

— கருவிழி எவ்வளவு தடிமன்னு பாத்தாங்க. லேசர் அதைத்தான் சீவுமாம். மெலிசா இருந்தா சீவக்கூடாதாம். எனக்குத் தடிமன் போதும்.

— சீவறதா? கெழங்கு சீவற மாதிரியா?

— அவ்வளவு இல்லம்மா. மயிரிழையவிடக் கம்மியா.

— எதா இருந்தா என்ன, கண்ணச் சீவறாங்கன்னா கேக்கவே ஆவல. நம்ம மலையில எடப்புளி நாட்டு கோகிலா பண்ணிட்டு வந்தாளே, அவ இதெல்லாம் சொல்லவே இல்ல. கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு கொஞ்ச நாள் ஊட்டுக்குள்ளயே இருந்தா. அப்பறம் பாத்தா வெறுங்கண்ணோட சந்தைக்கு வர்றா.

— அவளுக்கு மொத தடவையே ஒத்து வந்துது. நம்மளுக்குத்தான் கெரகம். இத்தனையும் பாஸாயிட்டா கண்ணாயி. அதுக்கப்பறம் ஒரு மிசினு இருக்குது. அதுல தாடையக் குடுத்து மூஞ்சிய வெக்கோணும். வட்ட வட்டமா வெளிச்சம் வரும். அது கருவிழியில எங்க மேடு, எங்க பள்ளம்னு கலர் கலராப் படம் போட்டுக் காட்டும். அந்தப் படத்தப் பாத்துத்தான் லேசர் ஓட்டறாங்களாம். மொத தடவ வந்த படம் ஒரு தினுசு. ரெண்டாந்தடவ வேற தினுசு. இன்னைக்கு அதும் இல்ல, இதும் இல்ல.

— டாக்டரு என்னதான் சொல்றாரு?

— எனக்கு மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டறாரு. ஒரே ஆளு கண்ணு மாதிரியா இருக்குதுங்கறாரு. ரெண்டு படமாச்சும் ஒத்துப் போனாத்தான் கை வெப்பேன், மாறிட்டே இருக்கற கண்ண நம்பி லேசர ஓட்டுனா உள்ளதும் கெட்டுப் போயிருங்கறாரு.

— கண்ணு எப்படிங்க நாளுக்கு ஒரு மாதிரி மாறும்?

— அதத்தான் நானும் கேட்டேன். மேல்தோலு வறண்டு கெடக்குது, சாயச் சொட்டு விட்டுப் பாத்தா புள்ளி புள்ளியாத் தெரியுது, செவந்திருக்குதுன்னு சொன்னாரு. கோழி கூவறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடிச்சு வர்றவளுக்குக் கண்ணு செவக்காம என்னங்க பண்ணும்னு கேட்டேன். சிரிக்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, அந்த மிசினத் தூக்கிட்டு வந்து சந்தையில போட்டு வித்துரலாம்னு இருந்துது.

— மெதுவாப் பேசுங்க. டீக்கடையில எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். இந்தா குழலி, டீ. ஆறிப் போறதுக்குள்ள குடி.

— கண்ணாடி பூரா ஆவி புடிச்சிருச்சு பாரு. கழட்டு சாமி, நான் தொடச்சுத் தாரேன்.

— இருக்கட்டும்மா. அதா மறைஞ்சுரும்.

— டாக்டரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்திருக்காரு. இத மட்டும் விட்டுக்கிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்கங்கறாரு. ஒரு மாசம். அவருக்கென்ன. தை பொறந்தா போலீசு வேலைக்கு இவளக் கண்ணு பாக்கக் கூப்புடுவாங்க, கண்ணாடி இருந்தாத் தள்ளிருவாங்க. பரிட்சையில பாஸு. ஓட்டத்துல பாஸு. கண்ணாடி கீழ விழாம இருக்கப் பின்னால நூல் போட்டுக் கட்டிக்கிட்டு ஓடி, டவுனுப் புள்ளைங்க அத்தனையும் பின்னால விட்டுட்டு வந்தவ. இப்ப இந்தக் கண்ணுல வந்து நிக்குது. ஆப்பரேசன் பண்ணினாலும் ஆற நாள் வேணுமல்ல? நம்ம தோட்டத்து மொளகுக் கொத்தா இது, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பறிச்சுக்கலாம்னு விடறதுக்கு?

— வேற ஆஸ்பத்திரி பாத்தா என்னுங்க? கோயமுத்தூருல பெரிசு பெரிசா இருக்குதாமா.

— நானும் பஸ்ஸுல அதத்தான் சொன்னேன். உம்மவ சொல்றா, அங்கயும் இதே மிசினுதான் இருக்கும்னு.

— உள்ளதத்தானுங்கப்பா சொன்னேன்.

— உள்ளது. உனக்குக் கொஞ்சமாச்சும் ஆத்திரம் வருதா குழலி? எனக்கு வயிறு எரியுது. நீ என்னடான்னா அந்த ஆளு முன்னால கையக் கட்டிக்கிட்டு, சரிங்க சார், வாரேன் சார்ங்கற. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டயா? இந்தா. மறுபடியும் வாயத் தெச்சுக்கிட்டா.

— அவள ஏனுங்க வையறீங்க? மூணு தடவ ஏமாந்து போயி வந்திருக்கா. பேச்சு எப்படி வரும்? கண்ணு, உனக்குப் பயமா இருக்குதா? பயமா இருந்தாச் சொல்லிரு.

— பயமெல்லாம் இல்லம்மா. மரத்துப் போற மருந்து விட்டுருவாங்க. கொஞ்ச நேரந்தான்.

— பயமாம். ஓட்டத்துல முழங்கால் தேஞ்சு ரத்தம் ஊத்துனப்ப அழுகாத புள்ள இது.

— அப்பா.

— என்ன?

— போலீசு இல்லாட்டி என்னுங்கப்பா?

— என்ன சொன்ன?

— கண்ணாடி போட்டுக்கிட்டே பாக்கற வேலை எத்தனையோ இருக்குது. இங்கயே மொளகு மண்டியில கணக்குப் பாக்க ஆளு தேடறாங்க. பி.காம். படிச்சிருந்தாப் போதும்ங்கறாங்க.

— மண்டியில. என்னைய மாதிரி ஆளு மூட்டையத் தூக்கிட்டு வருவான், நீ தராசுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு முள்ளப் பாத்துச் சொல்லுவ. அதுக்கா இத்தனையும்?

— அதுல என்னுங்கப்பா கேவலம்?

— கேவலம்னு நான் சொன்னனா? நாயம் பேசாத.

— அவ ஒரு பேச்சுக்குக் கேக்கறா, விடுங்க. போன ஆடியில போலீசு வேண்டாம்ப்பான்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, சோறு திங்காம மாட்டுக் கொட்டாயில போயிப் படுத்துக்கிட்டீங்க. புள்ள வந்து கையப் புடிச்சு, சரிப்பா போறேன்னு சொன்னப்பறந்தான் எந்திரிச்சீங்க. மாடே பாவம்னு பாத்துக்கிட்டு நின்னுது.

— அது அப்ப. அதுக்கப்பறம் அவளே ஒத்துக்கிட்டு ஓடலயா? இத பாரு குழலி. நீ மறந்திருப்ப. சின்னப்புள்ள நீ. வண்டியில டேங்க்கு மேல குந்தியிருந்த. பின்னால பலாப்பழ மூட்டை. மலையெறங்குனதும் ஒரு போலீசுக்காரன் மறிச்சான். மலையில இருந்து வர்றவன் மூட்டைக்குள்ள வேற என்னடா இருக்கும்னான். பழந்தானுங்க, பழந்தானுங்கன்னு எத்தனை சொல்லியிருப்பேன். ஒண்ணொண்ணா எடுத்து ரோட்டுல போட்டு ஒடைச்சான். என்னையவிட வயசுல சின்னவன். என்னைய அந்த ரோட்டோரத்துல குந்த வெச்சான். நம்ம ஊரு பஸ்ஸு போவுது. சனமெல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டே போவுது.

— மறக்கலீங்கப்பா.

— அன்னைக்கு முடிவு பண்ணினேன். அந்தக் காக்கி ஒரு நாளு எம்பட ஊட்டுக் கொடியில காயோணும். அப்பறம் எவன் மறிக்கறான்னு பாக்கறேன்.

— அவன் போட்டிருந்ததும் யாரோ ஊட்டுக் கொடியில காஞ்ச காக்கிதானுங்கப்பா.

— அதுக்கு?

— ஒண்ணுமில்ல.

— என்ன பேச்சுப் பேசறா பாரு கண்ணாயி. அவன் அவன்தான். நீ நீதான். நீ போட்டா அப்படி நடந்துக்குவயா?

— எப்படித் தெரியும் உங்களுக்கு?

— எம்மவள எனக்குத் தெரியாதா? உன்னைய எனக்குத் தெரிஞ்ச மாதிரி அந்த மிசினுக்குக்கூடத் தெரியாது.

— டீ ஆறிப் போச்சு குழலி.

— போதும்மா. நீ குடிச்சுக்க.

— இல்ல கண்ணாயி, எனக்கு மனசு ஆறல. அந்த மிசின் ரூமுல ஒரு தம்பி இருந்தானே, ரமேஷ்குமாருன்னு. ஏதாச்சும் சந்தேகம் இருந்தாக் கூப்புடுங்கன்னு நம்பரு குடுத்தான். அவனக் கேக்கறேன்.

— வேண்டாமுங்கப்பா. இந்நேரம் மூடிட்டுப் போயிருப்பாங்க.

— பொழுதே சாயல, அதுக்குள்ளயா மூடுவாங்க?

— இங்க டவரு வராது.

— இந்தக் கடை ஓரமா வந்தா வரும். நான் போடாத போனா? பேசாம இரு. போவுது, போவுது. கண்ணாயி, நீயும் கேளு. சத்தமா வெக்கறேன். அலோ, ரமேஷ்குமாருங்களா? நான் அப்பாசாமி பேசறேன். கொல்லிமலை. பூங்குழலி அப்பா. காத்தால வந்திருந்தம்.

— சொல்லுங்க சார். ஊருக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?

— சோளக்காட்டுல நிக்கறம். தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியற மாதிரி சொல்லிருங்க. படம் ஏன் மாறுது? உங்க மிசினு ஏதாச்சும் கோளாறா?

— மிஷின் நல்லா இருக்கு சார். உங்களுக்கப்பறம் எத்தனையோ பேருக்கு எடுத்துட்டேன். கண்ணோட மேல்பரப்பு நல்லா இல்லாட்டி படம் நிக்காது சார். வறட்சி இருந்தா மாறும். கண்ணைக் கசக்கிட்டே இருந்தா மாறும். கான்டாக்ட் லென்ஸ் போட்டா மாறும்.

— லென்ஸெல்லாம் எங்க ஊட்டுல யாரும் கண்ணால பாத்ததுகூட இல்லீங்க.

— கண்ணுல வேற ஏதாவது விட்டாலும் மாறும் சார். எண்ணெய், மூலிகைச் சாறு, அந்த மாதிரி வீட்டு வைத்தியம்.

— அதெல்லாம் ஒண்ணும் கெடையாது தம்பி. நாங்க அப்படியெல்லாம்... கண்ணாயி, ஏன் இப்படி முழிக்கற?

— தேன் விட்டனுங்க.

— என்னது?

— தேனுங்க. கொம்புத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே. வெடியால ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு சொட்டு. கெளம்பற அன்னைக்கும் விட்டுத்தான் அனுப்புவேன். இன்னைக்கும் விட்டேன். நீங்க பஸ்ஸு வருதான்னு பாக்க ரோட்டுக்குப் போயிருந்தீங்க.

— சார், லைன்ல இருக்கீங்களா? தேன்னு காதுல விழுந்துது.

— இருக்கறனுங்க தம்பி. தேனுதானுங்க. இவங்கம்மா விட்டிருக்கறா. எனக்கு இப்பத்தான் தெரியுது.

— அப்பறம் எப்படி சார் படம் நிக்கும்? மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க. மேல்பரப்பு புண்ணாகும், கிருமி சேந்தாப் பார்வைக்கே ஆபத்து. டாக்டர் எழுதின சொட்டு மருந்தத் தவிர வேற எதுவும் கண்ணுல படக்கூடாது. செவப்பெல்லாம் அடங்கட்டும். மறுபடி படம் எடுத்துப் பாப்போம்.

— அப்ப ஆப்பரேசன் பண்ணிரலாங்களா? தைக்குள்ள?

— அத நான் சொல்ல முடியாது சார். பவர், தடிமன் ரெண்டும் நல்லா இருக்கு. மேல்பரப்பு சரியாகி, படமும் ஒத்து வந்தா டாக்டர் முடிவு பண்ணுவார். அப்பவும் வேண்டாம்னு சொன்னாலும் சொல்லலாம். இன்னொண்ணு சார், இத நாங்க எல்லார்கிட்டயும்...

— அலோ. தம்பி, அலோ. போச்சு. டவரு போச்சு.

— ஏனுங்க, நான் நல்லது நெனச்சுத்தான் பண்ணினேன்.

— நல்லாப் பண்ணின. ஊருல ஒருத்தரு பாக்கி இல்லாம அந்த டாக்டரத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த மிசினத் திட்டினேன். கடைசியில எம்பட ஊட்டு அடுப்படியில இருக்குது கெரகம், ஒரு பாட்டலுக்குள்ள.

— கண்ணுல தூசி விழுந்தாத் தேன். உறுத்துனாத் தேன். எங்கூட்டுல அப்படித்தானுங்க வளந்தம். எங்கண்ணன் அர்த்தனாரி பாறையில கவுறு கட்டித் தொங்கி எடுத்தது. பாகு கலந்து கடையில விக்கற தேனா? கண்ணு தெளிஞ்சு, புள்ள ஒரே தடவையில பாஸாகி வரட்டும்னு சாமிய வேண்டிக்கிட்டு விட்டேன். மொத தடவ ஆவலன்னதும், பத்தலயாட்ட இருக்குதுன்னு அடுத்த தடவ இன்னொரு சொட்டு சேத்தி விட்டேன்.

— இன்னொரு சொட்டு சேத்தி. நல்லா இருக்குது. அப்பறம் அந்தக் கண்ணு ஏன் செவக்காது?

— அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்கப்பா.

— நீ இரு. ஒரு வருசப் பாடு. பொழுது விடியாம எந்திரிச்சு அந்தப் பனியில உங்கூடப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடி வந்தவன் நான். எல்லாத்தையும் ஒரு சொட்டுல கலக்கிட்டா.

— எரிஞ்சிருக்குமே குழலி. நான் கேட்டனே கண்ணு, ஒவ்வொரு தடவையும் கேட்டனே. எரியுதான்னு. இல்லம்மா, குளுகுளுன்னு இருக்குதுன்னயே. கண்ணுல தண்ணி தாரையா ஊத்தும், அப்பவும் குளுகுளுன்னு இருக்குதும்பயே. நானும் நம்பிக்கிட்டு இருந்தனே.

— அவ என்ன பண்ணுவா? ஆத்தா விடறா, புள்ள காட்டறா. அழுவாத கண்ணாயி. சந்தையில வெச்சு அழுவாத. சரி, விடு. நீ படிக்காதவ, உனக்குத் தெரியல. நானும் கூடவே இருந்தவன், எனக்கும் தெரியல. ஆனா அந்த டாக்டருக்குத் தெரியோணுமா வேண்டாமா? மலையில இருந்து ஒரு புள்ள வருது. கண்ணுல தேனு விடுவாங்களோ, தழையக் கசக்கி ஊத்துவாங்களோன்னு மொத நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இத்தனை அலைச்சல் உண்டா? மூணு தடவ ஏறி எறங்குவமா? கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிக்கத் தெரியுது, சாயம் விடத் தெரியுது, வாயத் தொறந்து கேக்கத் தெரியல.

— வாங்கப்பா, ஊட்டுக்குப் போலாம். நம்ம குண்டூர் நாட்டு பஸ்ஸு வர்ற நேரம்.

— நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கீழ போற பஸ்ஸுல ஏறறேன்.

— இந்நேரத்துக்கு எங்கீங்க போறீங்க?

— சேலத்துக்குத்தான். அந்தாளு மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கோணும். அத்தனை பேரு முன்னாலயும் கேக்கோணும். ஒரு மாசமெல்லாம் ஆவாது, நீங்க கேக்காததுக்கு எம்புள்ள ஏன் காத்திருக்கோணும், அடுத்த வாரமே பாருங்கன்னு கேக்கோணும்.

— போகாதீங்கப்பா.

— கைய விடு குழலி. அன்னைக்கு ரோட்டோரத்துல பேசாம குந்தியிருந்த மாதிரி இன்னைக்கும் இருக்கச் சொல்றயா? எம்பொண்டாட்டி இங்க நின்னு அழுவறா. தப்பு பண்ணினது அந்தாளு. கேக்க வேண்டியதக் கேக்கல.

— கேட்டாருங்கப்பா.

— என்ன?

— மொத நாளே கேட்டாரு. நீங்க வெளிய உக்காந்திருந்தீங்க. தேன் கீன் ஏதாச்சும் விடுவாங்களாம்மா, விட்டாப் படம் கெட்டுரும், லேசர் பண்ண முடியாதுன்னு சொல்லிச் சொல்லிக் கேட்டாரு. ஒண்ணும் விடறதில்லீங்க சார்னு சொன்னது நான். அம்மா பாட்டலத் தொறக்கறப்பெல்லாம் கண்ண நல்லா முழிச்சுக் காட்டுனதும் நாந்தானுங்கப்பா.